அளந்ததும் கேட்டதும் உரிமை கொண்டதும்: ஜான்சனின் அக்சாய் சின் வரைபடம் (1865) – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

கல்வெட்டு, செப்பேடு, ஓலைச்சுவடி, பயணக் குறிப்பு ஆகியவற்றை வரலாற்றுச் சான்றுகளாகக் கொண்டு அவற்றின் காலம், ஆசிரியர், பாடவேறுபாடு முதலியவற்றைத் துருவி ஆராயும் வழக்கம் நம்மிடையே நன்கு வேரூன்றியுள்ளது. ஆனால் வரைபடத்தைப் பொறுத்தவரை அத்தகைய விழிப்பு பெரும்பாலும் இருப்பதில்லை. வகுப்பறைச் சுவரில் தொங்கும் படம் நிலத்தின் உண்மையான வடிவத்தையே காட்டுகிறது என்று மாணவர் நம்புகின்றனர். ஆசிரியரும் பெரும்பாலும் அவ்வாறே கொள்கின்றனர். வரைபடமும் ஒருவர் எழுதிய நூலே என்பதும், அதற்கும் மூலபாடம், படியெடுப்பு, இடைச்செருகல் ஆகியன உண்டு என்பதும் எளிதில் மறக்கப்பட்டுவிடுகின்றன.

இக்கருத்தை விளக்குவதற்கு நாம் இக்கட்டுரையில் ஒரே ஒரு பழைய நிலத்தோற்றப் படத்தை எடுத்துக்கொள்கிறோம். இந்திய நில அளவைத் துறையில் பணியாற்றிய வில்லியம் ஹென்றி ஜான்சன் 1865ஆம் ஆண்டு லடாக்கின் தலைநகரான லேயிலிருந்து கோத்தான் வரை சென்று திரும்பியதன் விளைவாக உருவான படமே அது. காரகோரம், குன்லுன் ஆகிய இரு பெரும் மலைத்தொடர்களுக்கு இடையே கிடக்கும் அக்சாய் சின் என்னும் வறண்ட மேட்டுநிலத்தை அது காட்டுகிறது. மக்கள் நிலையாகக் குடியிருந்திராத இந்நிலம் தொடர்பாக 1962இல் இரு பெரு நாடுகள் போரிட்டன. அப்போருக்குரிய காரணங்கள் பல. எனினும் அவற்றின் வேர்களுள் ஒன்று இப்படத்தில் உள்ளது. அதனை எவ்வாறு படிக்க வேண்டும் என்பதே நம் வினா.

நிலத்தின் இயல்பு

அக்சாய் சின்னின் சமவெளிகள் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 5,000 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளன. தெற்கே இமயமும் காரகோரமும் மழைமேகங்களைத் தடுத்துவிடுவதால் இந்நிலம் மழைமறைவுப் பகுதியாகிக் குளிர்ப்பாலையாக விளங்குகிறது. கடலுக்கு வழியின்றி உள்ளுக்குள்ளேயே தேங்கும் உப்பு ஏரிகளும், வற்றிய ஏரிப்படுகைகளும், வெண்ணிற உவர்ப் படிவுகளும் இதன் முதன்மையான நிலக்கூறுகள். காஷ்மீர் மன்னரிடம் பணியாற்றிய நிலவியலறிஞர் பிரெடரிக் ட்ரூ 1875இல் வெளியிட்ட நூலில் இச்சமவெளிகளை விரிவாக வருணித்து, இவை முற்காலத்தில் ஏரிகளாக இருந்தவை எனக் கருதினார்.

இடப்பெயர்களே இந்நிலத்தின் வரலாற்றை ஓரளவு உணர்த்துகின்றன. ‘அக்’ என்பது துருக்கிய மொழிகளில் வெண்மையைக் குறிப்பது. தெற்கிலுள்ள லிங்சி தாங் என்னும் பெயரில் வரும் ‘தாங்’ சமவெளியைக் குறிக்கும் திபெத்தியச் சொல். வடக்கே ஓடும் காரகாஷ், யுருங்காஷ் ஆகிய ஆறுகள் முறையே கரிய மரகதப்பச்சைக் கல்லையும் வெண்ணிறப் பச்சைக் கல்லையும் தம் பெயர்களில் தாங்கியுள்ளன. சீனர் பெரிதும் போற்றிய அந்த ஜேட் கற்கள் கோத்தானிலிருந்தே நெடுங்காலம் சென்றன. ஆக, தெற்கிலிருந்து திபெத்திய மொழியும் வடக்கிலிருந்து துருக்கிய மொழியும் இந்நிலத்தின்மீது பெயர்களைப் பதித்துள்ளன. மேய்ப்பரும் உப்பு எடுப்போரும் வணிகரும் பருவத்திற்கேற்ப வந்துபோன வெளி இது. ஊர் இல்லை, வரி இல்லை, ஆகவே எல்லைக்கல்லும் இல்லை.

பரங்கிமலையிலிருந்து காரகோரம் வரை

ஜான்சனின் படம் திடீரெனத் தோன்றியதன்று. அதன் பின்னே அறுபதாண்டுக் கால அளவை மரபு இருந்தது. அம்மரபு தமிழ் மண்ணில் தொடங்கியது என்பது நம்மவர் அறிந்திருக்க வேண்டிய செய்தியாகும். 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் சென்னையை அடுத்த பரங்கிமலைப் பகுதியில் வில்லியம் லாம்டன் 100 அடி நீள எஃகுச் சங்கிலியைக் கொண்டு ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். ஒரு கோட்டின் நீளத்தைத் துல்லியமாக அறிந்துகொண்டால், அதன் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள ஓர் இடத்தை நோக்கிக் கோணங்களை அளந்து, மற்ற இரு பக்கங்களின் நீளத்தைக் கணக்கிட்டுவிடலாம். அப்பக்கங்களுள் ஒன்று அடுத்த முக்கோணத்தின் அடிக்கோடாகும். இவ்வாறு முக்கோணத்தின்மேல் முக்கோணமாக நிலத்தை அளந்து செல்வதே முக்கோண அளவை முறை.

இம்முறைக்கு உயரமான நோக்கிடங்கள் தேவைப்பட்டன. சமவெளியில் கோயில் கோபுரங்களே அவற்றுக்குப் பயன்பட்டன. 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் உயரத்திற்கு ஏற்றப்பட்டபோது கயிறு அறுந்து, அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவி சுவரில் மோதிச் சேதமுற்றது. லாம்டன் பல வாரங்கள் முயன்று அதனைத் தாமே சீர்செய்தார். 1818இல் இப்பணி பெரும் முக்கோண அளவை என்னும் பெயரைப் பெற்றது. 1823இல் லாம்டன் மறைந்தபின் ஜார்ஜ் எவரெஸ்ட் பொறுப்பேற்றார். குமரிமுனைப் பகுதியிலிருந்து இமயத்தின் அடிவாரம் வரை ஏறக்குறைய 2,400 கிலோமீட்டர் நீண்ட பெரும் வில் 1840களின் தொடக்கத்தில் முற்றுப்பெற்றது.

இதன் தொடர்ச்சியே 1855 முதல் 1864 வரை தாமஸ் ஜார்ஜ் மாண்ட்கோமரி தலைமையில் நடைபெற்ற காஷ்மீர் அளவை. 1856இல் ஹரமுக் மலையில் நின்ற மாண்ட்கோமரி தொலைவில் தெரிந்த இரு சிகரங்களைக் கே1, கே2 எனக் குறித்துக்கொண்டார். அவற்றுள் இரண்டாவது உலகின் இரண்டாவது உயர்ந்த சிகரம் எனப் பின்னர்த் தெளிவாயிற்று. அளவைக் குறியே அதன் பெயராக இன்றும் நிலைத்துள்ளது. இவ்வளவைக் குழுவில் மிக உயர்ந்த நிலையங்களில் ஏறிப் பணிபுரிந்தவர் என்று பெயர்பெற்றவர் ஜான்சன். அவர் இராணுவ அதிகாரி அல்லர். இந்தியாவில் பிறந்த குடிமைப் பிரிவு உதவியாளர். அதிகாரிகளின் பெயர்களே பதிவுகளில் முன்னிற்கின்றன. கருவிகளைச் சுமந்தும் சிகரங்களில் கொடிக்கம்பம் நட்டும் உழைத்த கலாசிகளின் பெயர்கள் பெரும்பாலும் படத்தில் இடம்பெறவில்லை.

1865ஆம் ஆண்டுப் பயணம்

மலைகளுக்கு அப்பாலுள்ள நாட்டில் அக்காலத்தில் பெருங்குழப்பம் நிலவியது. கிழக்குத் துருக்கிஸ்தானில் 1864இல் எழுந்த கிளர்ச்சிகளால் சிங் பேரரசின் ஆட்சி சரிந்தது. கோத்தானில் ஹபீபுல்லா என்பவர் ஆட்சியைக் கைப்பற்றியிருந்தார். ஐரோப்பியர் அங்குச் செல்வது உயிருக்கு ஆபத்து என்பதால், மாண்ட்கோமரி 1863இல் முகம்மது-இ-ஹமீத் என்னும் இந்தியரை அளவைக் கருவிகளுடன் யார்க்கந்துக்கு அனுப்பினார். அவர் திரும்பும் வழியில் இறந்தார். அவருடைய குறிப்புகள் மட்டும் மீட்கப்பட்டன. உள்நாட்டவரை மறைவாக அனுப்பி அளக்கச் செய்யும் முறை பின்னர் நைன் சிங் முதலிய ‘பண்டிதர்’களால் புகழ்பெற்றது. அவர்கள் காலடிகளை எண்ணித் தொலைவை அளந்தனர்; எண்ணிக்கை தவறாமலிருக்க 108 மணிகளுக்கு மாறாக 100 மணிகள் கொண்ட செபமாலையைப் பயன்படுத்தினர்.

ஜான்சனுக்கு இடப்பட்ட பணி காஷ்மீருக்கு வடக்கே இயன்றவரை அளவையை நீட்டிப்பதாகும். 1865ஆம் ஆண்டுக் கோடையில் லேயிலிருந்து புறப்பட்ட அவர் சாங் செம்மோ பள்ளத்தாக்கைக் கடந்து லிங்சி தாங், அக்சாய் சின் சமவெளிகளின் வழியே குன்லுன் மலைகளை அடைந்தார். முன்பே தொலைவிலிருந்து கணிக்கப்பட்டு ஈ57, ஈ58, ஈ61 எனக் குறியிடப்பட்டிருந்த மூன்று சிகரங்களில் ஏறியதாக அவர் அறிவித்தார். அங்கிருந்து கோத்தான் நகரத்தைக் காணலாம் என்று எதிர்பார்த்தார். ஆயின் இடைப்பட்ட மலைகள் மறைத்தன. அந்நிலையில் கோத்தான் ஆட்சியாளரிடமிருந்து வந்த அழைப்பை அவர் ஏற்றார்.

கோத்தானில் அவர் 16 நாள் தங்கினார். வடக்கே உருசியரின் முன்னேற்றத்தையும் பக்கத்து ஆட்சியாளரின் பகையையும் அஞ்சியிருந்த ஹபீபுல்லா பிரித்தானியரின் துணையை நாடினார். அத்துணை கிட்டவில்லை. 1867இல் யாகூப் பேக் கோத்தானைக் கைப்பற்றி ஹபீபுல்லாவைக் கொல்வித்தார். ஜான்சன் மேற்கே வேறு வழியாகச் சுற்றிக் காரகோரம் கணவாயைக் கடந்து 1865 இறுதியில் லே திரும்பினார். முறையான இசைவின்றி எல்லை கடந்து சென்றமை பிரித்தானிய இந்திய அரசுக்கு உவப்பாக இல்லை. அவர் அளவைத் துறையிலிருந்து விலகிக் காஷ்மீர் மகாராஜா ரண்பீர் சிங்கின் பணியில் சேர்ந்தார். பின்னர் லடாக்கின் ஆளுநராகவும் விளங்கினார். அவருடைய அறிக்கையும் படமும் 1867இல் இலண்டன் அரச புவியியற் கழகத்தின் ஏட்டில் வெளிவந்தன.

படத்தைப் படிக்கும் முறை

ஒரு சுவடியைப் பதிப்பிப்பவர், மூல ஆசிரியர் எழுதியது எது, உரைகாரர் சேர்த்தது எது, படியெடுத்தவர் பிழை எது எனப் பிரித்தறிவார். ஜான்சனின் படத்தையும் அவ்வாறே பிரித்துப் பார்க்க வேண்டும். அதில் நால்வகைச் செய்திகள் கலந்துள்ளன.

முதலாவது, அளந்தது. முக்கோண அளவையால் முன்பே நிலைநிறுத்தப்பட்ட சிகரங்கள் இவ்வகையின. இவை பரங்கிமலைச் சங்கிலியின் வழிவந்தவை எனலாம். பல மைல் தொலைவிலிருந்து நோக்கப்பட்டாலும் இவற்றின் இடம் பெரும்பாலும் நம்பத்தக்கது. ஆனால் சிகரத்தின் இடம் சரியாக இருப்பது வேறு, அதன்மேல் ஏறி நின்றவர் அதே சிகரத்தில்தான் நின்றாரா என்பது வேறு. 23,000 அடிக்கு மேற்பட்டதாகக் கணிக்கப்பட்ட ஈ61இல் ஜான்சன் ஏறியதாகக் கூறியதைப் பிற்கால அளவையாளர் ஐயுற்றனர். அவர் வேறொரு சிகரத்தை அதுவெனப் பிழையாகக் கொண்டிருக்கலாம் என்பது அவர்தம் கருத்து.

இரண்டாவது, கண்டது. வழியில் அளவைப் பலகையை நிறுத்திக் கண்ணுக்குத் தெரிந்த மலைமுகடுகளையும் ஓடைகளையும் வரைந்துகொள்வது அக்கால வழக்கம். சென்ற தடத்தின் இருமருங்கிலும் இத்தகைய செய்தி செறிவாக இருக்கும். தடத்திலிருந்து விலகிய இடங்களில் ஐயத்திற்கு இடமுண்டு. ஆனால் படத்தை அழகுற முடிக்கும் வரைஞர் கண்ட மலையையும் காணாத மலையையும் ஒரே வகையான சரிவுக் கீற்றுகளால் நிரப்பிவிடுகிறார். சம உயரக் கோடுகள் வருவதற்கு முற்பட்ட இப்படங்களில் கீற்றுகளின் அழகு அறியாமையையும் மூடிமறைத்துவிடும்.

மூன்றாவது, கேட்டது. வழிகாட்டிகளும் வணிகரும் சொன்ன தொலைவுகள், பெயர்கள், கணவாய்கள் ஆகியன இதில் அடங்கும். இவற்றை இழிவாகக் கருதுதல் கூடாது. பாலைநிலத்தில் தண்ணீர், புல், விறகு ஆகிய மூன்றும் எங்குக் கிடைக்கும் என்பது பயணிகள் தம் தலைமுறை அனுபவத்தால் அறிந்திருந்த அறிவு; எந்தத் தியோடலைட்டும் அதனை அளந்து சொல்லாது. எனினும் கேட்ட செய்தி கேட்டது என்ற குறிப்புடன் படத்தில் இடம்பெறுவதில்லை.

ஜான்சன் கூறிய வழியைச் சரிபார்க்கும் பணியை ஏறத்தாழ நாற்பதாண்டுக்குப் பின்னர் ஆரல் ஸ்டைன் மேற்கொண்டார். 1908ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் அவரும் அளவையாளர் லால் சிங்கும் காரகாஷின் மேற்பகுதியில் ஹபீபுல்லா திறக்க முயன்ற பழைய வழித்தடத்தைத் தேடிச் சென்று ஹாஜி லங்கர் என்னும் பாழடைந்த தங்கிடத்தைக் கண்டனர். அப்பயணத்தின் முடிவில் கடுங்குளிரால் தாக்குண்ட ஸ்டைன் தம் வலக்கால் விரல்களை இழந்தார். ஜான்சன் அவ்வழியே சென்றார் என்பதை அக்கண்டுபிடிப்பு வலியுறுத்தியது. ஆனால் அப்பகுதியின் மலை, ஆற்று அமைப்பு படத்தில் உள்ளபடி இல்லை என்பதையும் ஸ்டைனின் அளவைகள் காட்டின. சென்றது உண்மை, வரைந்தது முழுதும் உண்மையன்று என்னும் இவ்விரு முடிவுகளையும் ஒருசேர ஏற்பதே ஆய்வு நெறி.

நான்காவது, உரிமை கொண்டது. படத்தில் காஷ்மீர் மகாராஜாவின் எல்லை காரகோரத்தையும் கடந்து வடக்கே குன்லுன் தொடர் வரை செல்கிறது. அக்சாய் சின் முழுவதும் அதனுள் அடங்குகிறது. இக்கோடு அளவையால் பெறப்பட்டதன்று. ஏனெனில் நிலத்தில் அத்தகைய கோடு இல்லை. வழிச்செய்தியாலும் பெறப்பட்டதன்று, ஏனெனில் இரு அரசுகள் கூடி அதனை ஒப்புக்கொண்டதற்கு உடன்படிக்கை எதுவும் இல்லை. ஆயினும் படத்தில் அது சிகரங்களை அச்சிட்ட அதே மையாலும் அதே உறுதியாலும் அச்சிடப்பட்டுள்ளது. இதுவே இப்படத்தின் அடிப்படைச் சிக்கல்.

எல்லைக்கோட்டின் பின்னணி

ஜான்சன் பிற்காலத்தில் மகாராஜாவின் ஊழியரானதைச் சுட்டி, தம் வருங்கால எசமானரை மகிழ்விக்கவே அவர் எல்லையை விரித்து வரைந்தார் என்று கூறுவோர் உண்டு. நாம் இதனை அப்படியே ஏற்கத் தயங்குகிறோம். பின்னர் நிகழ்ந்த ஒன்றைக் கொண்டு முன்னர் இருந்த நோக்கத்தை நிறுவுதல் முறையன்று. மேலும் அக்கோட்டிற்குச் சில நடைமுறைக் காரணங்களும் இருந்தன. 1860களின் நடுவில் மகாராஜாவின் வீரர்கள் காரகோரத்திற்கு வடக்கே ஷாஹிதுல்லாவில் ஒரு காவல் நிலையத்தை வைத்திருந்தனர். சிங் ஆட்சி அப்போது அப்பகுதியில் இல்லை. கோத்தான் ஆட்சியாளரின் கட்டுப்பாடு குன்லுனுக்கு வடக்கிலேயே பெரிதும் நின்றது. வெற்றிடத்தை அண்டையிலுள்ள அரசு தனதெனக் கருதுதல் அக்காலத்து இயல்பு.

மறுபுறம், ஷாஹிதுல்லாவிலிருந்த காவல் சில ஆண்டுகளிலேயே விலக்கிக்கொள்ளப்பட்டது என்பதையும் மறைத்தல் கூடாது. சிங் அரசு 1878க்குள் கிழக்குத் துருக்கிஸ்தானை மீட்டு 1884இல் அதனை சின்ஜியாங் மாகாணமாக்கியது. 1892இல் சீனர் காரகோரம் கணவாயில் எல்லைத்தூண் ஒன்றை நட்டனர். சூழல் மாறியது, ஆனால் 1868இல் வெளிவந்த காஷ்மீர் படத்தொகுதியின் வழியாக ஜான்சனின் கோடு பல நூல்களிலும் படங்களிலும் படியெடுக்கப்பட்டுவிட்டது. ஏட்டுச்சுவடியில் ஒருமுறை நுழைந்த பாடம் படிக்குப் படி தொடர்வதைப் போன்றதே இது.

வணிக நோக்கமும் இங்குக் கருதத்தக்கது. 1870இல் இந்திய அரசும் மகாராஜாவும் செய்துகொண்ட உடன்படிக்கை சாங் செம்மோ வழியாக யார்க்கந்துக்குச் செல்லும் வணிகப் பாதையைத் திறந்துவைத்தது. வழியில் தங்கிடங்களும் உணவுப் பொருள்களும் ஏற்பாடு செய்யப்பட்டன. ஆயினும் வணிகர் காரகோரம் வழியையே மிகுதியும் விரும்பினர். உயர்ந்த பாலைவெளியில் கால்நடைகளுக்குப் புல் கிடைப்பது அரிது என்பதே காரணம். படம் எளிதாகக் காட்டிய வழியைக் குதிரைகள் ஏற்கவில்லை எனலாம்.

இதன்பின் பிரித்தானியர் ஒரே கோட்டை உறுதியாகப் பற்றி நின்றாரில்லை. 1897இல் இராணுவ உளவுத் துறைத் தலைவர் ஜான் ஆர்டா, உருசிய அச்சத்தை முன்னிட்டுக் குன்லுன் வரை எல்லையை நீட்ட வேண்டும் எனப் பரிந்துரைத்தார். 1899 மார்ச் 14இல் பீக்கிங்கிலிருந்த பிரித்தானியத் தூதர் கிளாட் மக்டொனால்ட் சீன அரசுக்கு அனுப்பிய குறிப்போ வேறொரு கோட்டை முன்வைத்தது. அதன்படி லிங்சி தாங் காஷ்மீர்ப் பக்கமும் அக்சாய் சின்னின் பெரும்பகுதி சீனப் பக்கமும் அமையும். சீன அரசு அதற்கு விடையளிக்கவில்லை. ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. இவ்வாறாக 1947இல் இந்தியா விடுதலை பெற்றபோது அதற்கு மரபுரிமையாகக் கிடைத்தது ஒரு கோடன்று. ஒன்றோடொன்று முரண்பட்ட பல கோடுகள்.

விடுதலைக்குப் பின்

1950இல் இந்திய அரசு வெளியிட்ட படத்தில் இப்பகுதியின் எல்லை வரையறுக்கப்படாதது என்னும் குறிப்பு இருந்தது. 1954இல் வெளிவந்த படங்களில் அக்குறிப்பு நீக்கப்பட்டு, அக்சாய் சின்னை உள்ளடக்கிய திட்டவட்டமான கோடு இடப்பெற்றது. இரு படங்களுக்கும் இடையே அந்நிலத்தில் புதிய அளவையோ உடன்படிக்கையோ நிகழவில்லை. மாறியது அரசின் தீர்மானமே. சீனாவும் தன் படங்களில் இந்நிலத்தைத் தன்னுடையதாகவே காட்டியதுடன், 1956–1957இல் சின்ஜியாங்கையும் திபெத்தையும் இணைக்கும் நெடுஞ்சாலையை அதன் ஊடே அமைத்தது. அங்கும் உடன்படிக்கை இல்லை. சாலையே உரிமையின் சான்றாக்கப்பட்டது. 1958இல் அப்பகுதிக்குச் சென்ற இந்தியச் சுற்றுக்காவல் அணிகளுள் ஒன்று சிறைப்பிடிக்கப்பட்டது. 1959 அக்டோபர் 21இல் கொங்கா கணவாய்ப் பகுதியில் இந்தியக் காவலர் பலர் கொல்லப்பட்டனர். அந்நாள் இந்தியாவில் காவலர் நினைவு நாளாக இன்றும் கடைப்பிடிக்கப்படுகிறது.

1960இல் இரு நாட்டு அதிகாரிகளும் பீக்கிங், தில்லி, இரங்கூன் ஆகிய நகரங்களில் கூடித் தத்தம் சான்றுகளை முன்வைத்தனர். இந்தியத் தரப்பின் ஆவணங்களைத் திரட்டுவதில் முதன்மைப் பங்காற்றியவர் சென்னையில் பிறந்த வரலாற்றாசிரியர் சர்வபள்ளி கோபால். அவர் வெளியுறவு அமைச்சின் வரலாற்றுப் பிரிவுக்குத் தலைவராக இருந்தார். இதற்கு எதிர்நிலையில் பிரித்தானிய ஆவணங்களைக் கொண்டு இந்தியாவின் கோட்டை, குறிப்பாக ஜான்சனின் படத்தை, கடுமையாக வினவியவர் அலஸ்டர் லாம். அவருடைய எல்லை ஆய்வு நூல் 1964இல் வெளிவந்தது. அக்காலத்தில் அவர் மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்தவர் என்பதும், கெடா மாநிலத்தில் ஜெராய் மலைச்சரிவிலுள்ள சண்டி புக்கிட் பத்து பகாட் கோயிலின் அகழ்வையும் மீட்டமைப்பையும் நடத்தியவர் என்பதும் இந்நாட்டு வாசகர் நினைவுகூரத்தக்கவை. புஜாங் பள்ளத்தாக்கின் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மீட்டவரே இமய எல்லையின் தாள்களையும் அடுக்கிப் பார்த்தார்.

கோபாலும் லாமும் ஒரே ஆவணக் காப்பகங்களில் படித்தவர்கள்; முடிவுகளோ எதிரெதிரானவை. இதற்குக் காரணம் ஒருவர் அறிஞர், மற்றவர் அல்லர் என்பதன்று. ஆவணங்களே முரண்பட்டவை. 1893இல் சீன அதிகாரி ஒருவர் காஷ்கரில் ஜார்ஜ் மக்கார்ட்னியிடம் அளித்த படம் தம் கோட்டுக்கு ஆதரவானது என்று இந்தியத் தரப்பு காட்டியது. 1899ஆம் ஆண்டுக் குறிப்பைப் பிறர் காட்டினர். ஒவ்வொரு தரப்பும் தனக்குரிய பாடத்தைத் தேர்ந்துகொள்ளுமளவு சான்றுகள் இருந்தன. ஆய்வு முடிவு காணும் முன்னரே 1962 அக்டோபர் 20இல் போர் மூண்டது. நவம்பர் 21இல் சீனா தானாகவே போர்நிறுத்தத்தை அறிவித்தது. ஏறத்தாழ 38,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அக்சாய் சின் அன்றுமுதல் சீனாவின் கட்டுப்பாட்டில் உள்ளது. இந்தியா அதனை லடாக்கின் பகுதியாகக் கருதுகிறது.

பெயரும் உயிரும்

அக்சாய் சின்னில் தோன்றி மேற்கே ஷியோக் ஆற்றில் கலக்கும் ஓர் ஆற்றுக்குக் கல்வான் என்று பெயர். லடாக்கைச் சேர்ந்த குலாம் ரசூல் கல்வான் என்னும் பயண வழித்துணைவரின் பெயரால் அவ்வாறு அமைந்தது. ஐரோப்பியப் பயணிகளுக்குச் சுமைகாரராகவும் குதிரைக்காரராகவும் பணியைத் தொடங்கிப் படிப்படியாக உயர்ந்த அவர், தம் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். அந்நூல் 1923இல் வெளிவந்தது. கலாசிகளுக்குக் கிடைக்காத பேறு இவ்வுழைப்பாளிக்குக் கிடைத்தது; படத்தில் அவர் பெயர் நின்றது. 2020 ஜூன் 15இல் அதே பள்ளத்தாக்கில் நிகழ்ந்த மோதலில் இந்தியப் படைவீரர் 20 பேர் உயிரிழந்தனர். தன் தரப்பில் நால்வர் இறந்ததாகச் சீனா பின்னர் அறிவித்தது. வீரமரணம் எய்திய இந்தியருள் தமிழ்நாட்டின் இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஹவில்தார் பழனியும் ஒருவர்.

2024 அக்டோபரில் சுற்றுக்காவல் தொடர்பான ஏற்பாடு ஒன்று எட்டப்பட்டது. ஆயினும் அவ்வாண்டு டிசம்பரில் சீனா, ஹோத்தான் வட்டாரத்தில் இரு புதிய மாவட்டங்களை அமைத்ததாக அறிவித்தது. அவற்றின் பகுதிகள் லடாக்கைச் சார்ந்தவை எனக் கூறி 2025 ஜனவரியில் இந்தியா மறுப்புத் தெரிவித்தது. ஹோத்தான் எனப்படுவது ஜான்சன் 1865இல் சென்று தங்கிய கோத்தானே. அவர் இணைத்த இரு முனைகளிலிருந்தும் இன்றும் புதிய கோடுகள் வரையப்படுகின்றன.

முடிவுரை

இக்கட்டுரை அக்சாய் சின் எந்த நாட்டுக்குரியது என்று தீர்ப்பளிக்க முற்படவில்லை. அது அரசுகள் பேசித் தீர்க்க வேண்டிய பொருள். ஆய்வாளருக்கும் ஆசிரியருக்கும் உரிய கடமை வேறு. ஒரு படத்தில் அளந்தது எது, கண்டது எது, கேட்டது எது, உரிமை கொண்டது எது எனப் பிரித்துக் காட்டுவதே அது. இந்நான்கும் ஒரே தாளில் ஒரே மையில் அச்சாகும்போது, முதலாவதற்கு உரிய நம்பிக்கையை நான்காவதற்கும் நாம் அறியாமலே வழங்கிவிடுகிறோம். பரங்கிமலையில் இழுத்துப் பிடிக்கப்பட்ட சங்கிலியின் துல்லியம் குன்லுன்மீது தீட்டப்பட்ட எல்லைக்கோட்டுக்கும் உரியதாகத் தோன்றிவிட்டமை இதற்குத் தக்க சான்றாகும்.

ஜான்சனின் படத்தைப் பொய் என ஒதுக்குவதும் வேதமெனப் போற்றுவதும் ஒருசேரத் தவறானவை. கடுங்குளிரிலும் மூச்சுத்திணறலிலும் ஒரு மனிதர் ஈட்டிய அரிய அறிவு அதில் உண்டு. அவர் அறிந்திராததும் உண்டு. வகுப்பறையில் ஆசிய வரைபடத்தை விரிக்கும் ஆசிரியர், அதன் வடமேற்கு இந்தியப் பகுதியில் சில படங்கள் தொடர்கோடும் சில படங்கள் புள்ளிக்கோடும் இட்டிருப்பதை மாணவருக்குச் சுட்டிக்காட்டி, ஏன் அவ்வாறு வேறுபடுகின்றன என்று வினவலாம். கோட்டை மனப்பாடம் செய்த மாணவர் தேர்வில் மதிப்பெண் பெறுவார். அக்கோட்டை இட்டவர் யார், எப்போது, எதனைக் கொண்டு என்று கேட்கக் கற்ற மாணவரே வரலாறு பயின்றவராவார். அவ்வினாவை உரிய காலத்தில் இரு நாடுகளும் பொறுமையுடன் எதிர்கொண்டிருக்குமாயின், புல்லும் முளைக்காத அவ்வெளிக்காக உயிர்நீத்தோரின் எண்ணிக்கை குறைந்திருக்கக்கூடும்.